நெஞ்சக் காவல்
(கிறித்தவ ஊழியர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முயன்ற வரலாறு)

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்னாகும் என்று கேட்பது தமிழர் வழக்கு. பயிருக்கு வேலி காவல். வேலிக்குக் காவல் எது? ஊருக்கு உபதேசம் செய்பவர் தம் உள்ளத்துக்கு உபதேசம் செய்ய மறந்துவிட்டால் அவரைத் திருத்துவார் யார்? இவ்வினா எந்தச் சமயத்துக்கும் பொதுவானது. திருவள்ளுவர் தவம் என்னும் இருபத்தேழாம் அதிகாரத்தை அடுத்து, இருபத்தெட்டாவதாகக் கூடாஒழுக்கம் என்னும் அதிகாரத்தை வைத்த முறைமை ஈண்டு நினைக்கத்தக்கது. தவத்தைப் போற்றிய கையோடு, தவவேடத்துள் மறைந்து நிற்கும் தீமையையும் சுட்டிக்காட்ட வேண்டும் என்று அப்பெருந்தகை கருதினார் போலும்.

கிறித்தவ சமயம் தன் ஊழியரை மேய்ப்பர் என்று அழைக்கிறது. மேய்ப்பன் ஆடுகளைக் காக்கிறான்; அவனுடைய தவறு அவனோடு முடிவதில்லை, மந்தை முழுவதும் சிதறிவிடும். ஆகவேதான் தூய பவுல் மிலேத்து துறைமுகத்தில் எபேசு நகரத்து மூப்பர்களிடம் விடைபெற்றபொழுது, முதலில் உங்களைக் குறித்தும் பின்னர் மந்தையைக் குறித்தும் விழிப்பாயிருங்கள் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். இங்கே முறைவைப்பே பொருளாகிறது. மந்தை இரண்டாவது, மேய்ப்பனின் சொந்த உள்ளமே முதலாவது. இந்த முதலாவது கடமையைக் கிறித்தவ ஊழியர் எவ்வாறு ஆற்ற முயன்றனர், எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்பதை, சிறப்பாக நம் தமிழ் மண்ணில் நிகழ்ந்த வரலாற்றை முன்வைத்து, இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு முன்னோடிகள்

தமிழகத்துக்கு வருமுன், மேலைநாட்டில் இப்பொருள்பற்றி எழுந்த இரு நூல்களை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நலம். முதலாவது, கி.பி. 590-இல் உரோமாபுரியின் பாப்பரசராகப் பொறுப்பேற்ற பெரிய கிரகோரியார் எழுதிய மேய்ப்பர் நெறி என்னும் நூல். துறவு மடத்தின் அமைதியை விட்டு அப்பெரும் பதவிக்கு வர அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஏன் தயங்கினார் என்பதற்கு விடையாகவே அந்நூல் அமைந்தது. அது நான்கு பகுதிகளை உடையது. பதவிக்கு வரத் தக்கவர் யார், வந்தவர் எவ்வாறு வாழ வேண்டும், பல்வேறு இயல்பினருக்கு எவ்வெவ்வாறு போதிக்க வேண்டும் என்று மூன்று பகுதிகளிலும் விரித்துரைத்த பின், மிகச் சிறிய நான்காம் பகுதியில் அவர் கூறுவது வியப்புக்குரியது. எல்லாவற்றையும் செம்மையாகச் செய்து முடித்த போதகன், முடித்தவுடன் தன் உள்ளத்துக்குத் திரும்பிவர வேண்டும். இல்லையேல் நன்றாகப் போதித்தோம் என்ற எண்ணமே அவனை வீழ்த்தும் என்கிறார். இழிந்த செயலால் விழுபவரைவிட உயர்ந்த செயலால் விழுபவரைப் பற்றியே அவர் மிகுதியும் அஞ்சினார். நூலின் முடிவில், அழகற்ற ஓவியன் அழகிய மனிதனைத் தீட்டியதுபோல் தாம் எழுதிவிட்டதாகக் கூறி, படிப்பவரின் வேண்டுதலைத் தமக்குத் துணையாகக் கேட்கிறார்.

இரண்டாவது நூல், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் தோன்றியது. கிடர்மின்ஸ்டர் என்னும் ஊரில் போதகராயிருந்த ரிச்சர்டு பாக்ஸ்டர், 1655-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வூஸ்டர் வட்டாரத்துப் போதகர்கள் தம் குற்றங்களை இறைவன்முன் ஏற்றுக்கொண்டு தம்மைத் தாழ்த்தும் ஒரு கூட்டத்தில் பேசவேண்டியவராக இருந்தார். நோய் அவரைத் தடுத்தது. பேச எண்ணியதை விரிவாக எழுதி 1656-இல் வெளியிட்டார். சீர்திருந்திய போதகர் என்று இன்றும் உலகெங்கும் வழங்கும் நூல் அது. மிலேத்துவில் பவுல் கூறிய அறிவுரையே அதன் பொருள். விலையுயர்ந்த ஆடைகளைப் பிறருக்குத் தைத்துக் கொடுத்துவிட்டுத் தான் கந்தல் உடுத்தும் தையற்காரனைப் போன்ற போதகர்களை அவர் அதில் காட்டுகிறார். கூட்டமாகக் கூடித் தம் குற்றத்தைத் தாமே ஏற்க ஒரு தொழிலினர் முன்வந்தனர் என்னும் செய்தி, அந்நூலைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வதாகும். பிறர் குற்றம் கேட்கும் பீடத்தில் அமர்ந்தவர்கள், அப்பீடத்தை விட்டு இறங்கிவந்த நாள் அது.

கடற்கரைக் கோட்டையில் ஒரு கைதி

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடரிக்கின் விருப்பப்படி, பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக்கு புளூட்சோ என்னும் செருமானிய இளைஞர் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. ஆல்லே நகரத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரின் பக்தி நெறியில் அவர் பயின்றிருந்தார். கோட்பாட்டறிவு மட்டும் போதாது, உள்ளம் மாற வேண்டும், நாள்தோறும் தன்னைத் தானே சோதித்தறிய வேண்டும் என்பது அந்நெறியின் உயிர்நாடி.

வந்த இளைஞர் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், 1708-ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நீதிநூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். அறம் கற்பிக்க வந்தவர் இங்கு ஏற்கெனவே அறம் இருப்பதைக் கண்டு, அதைத் தம் நாட்டாருக்கு எடுத்துக்காட்டியது சிறு செயலன்று.

அதே ஆண்டு நவம்பரில் அவர் சிறைப்பட்டார். ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவர் அவள் பக்கம் நின்று வாதாடியது, தேனியக் கம்பெனியின் கோட்டைத் தலைவர் ஆசியசுக்குச் சினமூட்டியது. ஏற்கெனவே இருவருக்கும் இடையே பகை புகைந்துகொண்டிருந்தது. டேன்சுபோர்க்குக் கோட்டையில் ஏறத்தாழ நான்கு திங்கள் சீகன்பால்கு அடைபட்டுக் கிடந்தார். 1709 மார்ச்சில்தான் விடுதலை கிடைத்தது.

அச்சிறையில் அவர் என்ன செய்தார் என்பதே நாம் கருதவேண்டுவது. தம்மை அடைத்தவர்மீது குற்றப் பத்திரிகை எழுதுவதிலேயே அவர் காலத்தைப் போக்கியிருக்கலாம். அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் இறைவனுக்கு உகந்த கிறித்தவ வாழ்வைப் பற்றி ஒரு நூலும், இறைவனுக்கு உகந்த போதகர் வாழ்வைப் பற்றி மற்றொரு நூலுமாக இரண்டை அங்கே எழுதினார். அநியாயத்தால் சிறைப்பட்டவன் அதிகாரியின் குற்றத்தை ஆராயாமல் போதகனின் கடமையை ஆராய்ந்தான்! நியாயம் தன் பக்கம் இருக்கும்பொழுது தன் உள்ளத்தைச் சோதிப்பது மனிதருக்கு மிக அரிது. அப்பொழுதுதான் சினமும் செருக்கும் அறத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு உள்ளே நுழைகின்றன.

சீகன்பால்கு குற்றமற்றவர் என்று நாம் கூறவரவில்லை. அவர் முன்கோபி, வளைந்து கொடுக்கத் தெரியாதவர். தம் இயல்பை அறிந்தவர் அதைக் காக்க வேண்டிய இடத்தையும் அறிந்திருப்பார் என்று மட்டும் கூறலாம். இதற்கு மறுதலையான ஒரு காட்சியும் அவர் வாழ்வில் உண்டு. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் குழுவின் செயலர் வெண்ட் என்பார், ஊழியர்கள் கட்டடமும் உடைமையும் இன்றித் திருத்தூதர்களைப்போல் நடக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கடுமையாகக் கண்டித்து எழுதலானார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, உடல்நலம் குன்றியிருந்த சீகன்பால்குவின் இறுதிக் காலத்தை இக்கண்டனங்கள் துயரில் ஆழ்த்தின. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். எளிமை நல்லதே; ஆனால் தன் நெஞ்சைக் காக்கும் விளக்கைப் பிறர் முகத்துக்கு நேரே பிடிக்கும்போது அது ஒளி தருவதில்லை, கண்ணையே கூசச் செய்கிறது.

தமிழர் கண்ணில் போதகர்

ஊழியரைக் காத்த மற்றொரு காவலையும் இங்கே கூறவேண்டும். 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழறிஞர் பலரிடம் வினாக்களை விடுத்து, அவர்கள் எழுதிய மடல்களைச் செருமானியத்தில் பெயர்த்து ஆல்லேவுக்கு அனுப்பினர். அம்மடல்கள் அங்கே அச்சேறின. அவற்றில் தமிழர் தம் சமயத்தை விளக்கியதோடு நிற்கவில்லை. ஐரோப்பியக் கிறித்தவரின் குடிப்பழக்கத்தையும் தூய்மையின்மையையும் ஒழுக்கக்கேட்டையும் ஒளிவுமறைவின்றிச் சுட்டினர். உங்கள் வேதம் நல்லதாயின் உங்கள் வாழ்வு ஏன் இப்படி என்பதே அவர்கள் கேள்வியின் சாரம்.

மிஷனரிகள் இக்கேள்வியை மறைக்காமல் தம் நாட்டுக்கே எழுதி அனுப்பியது பாராட்டத்தக்கது. கேட்டவர்கள் கிறித்தவர் அல்லர்; ஆயினும் கிறித்தவ ஊழியரின் உள்ளத்துக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. ஒருவனுடைய கொள்கையை ஏற்காதவன் அவனுடைய ஒழுக்கத்தை உற்றுநோக்கும் கூர்மை, அவனைப் போற்றுபவருக்கு ஒருநாளும் வாய்ப்பதில்லை.

ஆல்லே நெறியில் நாட்குறிப்பு எழுதுவது கடமையாக இருந்தது. எங்குச் சென்றார், யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்று ஊழியர் எழுதி அனுப்ப, அவை தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. 1710 தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த அத்தொகுதிகள் அக்காலத் தமிழகத்தைப் பற்றிய அரிய கருவூலமாக இன்று விளங்குகின்றன. நாட்குறிப்பு ஒருவகைக் காவலே. ஆனால் அச்சில் வரப்போகிறது என்று அறிந்து எழுதும் நாட்குறிப்பில் ஒருவன் தன் நெஞ்சை எவ்வளவு திறந்து காட்டுவான்? நன்கொடை தருவோர் படிக்கப்போகும் ஏட்டில் தாழ்மையும் ஓர் அணிகலன் ஆகிவிடலாம் அன்றோ? கிரகோரியார் அஞ்சியது இதைத்தான். ஆகவே ஏடு மட்டும் போதாது. ஏட்டுக்கு அப்பாலும் ஒரு காவல் தேவைப்பட்டது.

வீரமாமுனிவரும் வேதியரும்

இதே காலத்தில் தமிழகத்தின் உட்பகுதிகளில் சேசு சபையார் பணியாற்றி வந்தனர். அவர்களுடைய நெறியில் நாள்தோறும் தன்னைச் சோதித்தல், பாவசங்கீர்த்தனம், ஆண்டுக்கொருமுறை தனித்திருந்து தியானித்தல் ஆகியவை வகுத்து வைக்கப்பட்டிருந்தன. ஆனால் குருமார் மிகச் சிலர்; ஊர்களோ பல. ஓர் ஊருக்குக் குரு வந்துபோனால் மீண்டும் வருவதற்குப் பல திங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மக்களுக்கு மந்திரம் கற்பித்தவரும், சாகும் தறுவாயில் இருந்தவர் அருகே நின்றவரும், வழக்குகளைத் தீர்த்தவரும் தமிழ் உபதேசியாரே. அவர்களை வேதியர் என்பது அக்கால வழக்கு. குரு இல்லாத ஊரில் வேதியரே குரு. அவரைக் கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை.

இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இந்த இடர்ப்பாட்டை நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அவ்வேதியர்களுக்கென்றே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். காவியம் பாட வல்ல புலவர் உரைநடையைத் தேர்ந்தது ஏன்? ஊர் ஊராக நடந்து திரியும் உபதேசியார் எடுத்துப் படிக்கவும், படித்ததைத் தம் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உரைநடையே ஏற்றது என்று அவர் கண்டிருக்க வேண்டும். தமிழ் உரைநடை வளர்ச்சியைப் பேசுவோர் அனைவரும் இந்நூலைக் குறிப்பிடுவர். உபதேசம் செய்பவனின் ஒழுக்கம் என்னும் பொருளை எடுத்துக்கொண்டதனால் தமிழ் உரைநடை ஒரு நூலைப் பெற்றது என்னும் உண்மையை நாம் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் ஆக்கியவரும் இவரே. கூடாஒழுக்கம் என்னும் அதிகாரத்தையும் அவர் அழுந்திப் படித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் இவர்தான் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு புன்னகை எழுகிறது. அறிவில்லாத குருவையும் அவரை நம்பி அலையும் சீடரையும் பற்றிய அக்கதையைச் சிறுவயதில் படித்துச் சிரிக்காத தமிழர் குறைவு. ஒரு கையால் குருவுக்கு ஒழுக்கம் எழுதியவர், மறுகையால் குருவைப் பார்த்துச் சிரிக்கவும் கற்பித்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஊழியனைச் செருக்கு எளிதில் அணுகாது.

தஞ்சையில் ஒரு கிழவர்

காமம், சினம், செருக்கு ஆகியவற்றோடு ஊழியரை வீழ்த்தும் மற்றொன்று பொருளாசை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்துக்கு வந்த ஐரோப்பியர் பலர் பெருஞ்செல்வம் திரட்டித் திரும்பினர். நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கியவர் எத்தனை பேர்! அந்தச் சந்தையின் நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தும் கை கறைபடாமல் இருந்தவர் கிறிஸ்தியன் பிரடரிக் சுவார்ட்ஸ் ஐயர்.

1726-இல் பிறந்து, ஆல்லேயில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி, 1778-இல் தஞ்சையை உறைவிடமாக்கினார். மணம் செய்துகொள்ளவில்லை. பருத்தி ஆடையைக் கருஞ்சாயம் தோய்த்து உடுத்தி, சோறும் காய்கறியும் உண்டு, சிறிய அறையில் வாழ்ந்தார் என்று அவரைக் கண்டவர் எழுதிவைத்தனர்.

1779-இல் சென்னை ஆங்கில அரசு அவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு ஐதர் அலியிடம் தூதனுப்பியது. ஐதர் அவரை மதிப்போடு வரவேற்று, வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அரசு கூறியது. யாருடைய தடையும் இல்லாத அப்பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஏதிலிச் சிறுவர்க்கான ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக்கினார். சட்டம் தடுப்பதைச் செய்யாதிருத்தல் ஒழுக்கம்; சட்டம் இசைவு தந்தபின்னும் நெஞ்சைக் கேட்டு நடத்தல் நெஞ்சக் காவல்.

அதன் பயன் இரண்டு ஆண்டுகளுக்குள் தெரிந்தது. ஐதரின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியபோது கோட்டையில் பஞ்சம் சூழ்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் விலை தருவோம் என்று அரசு அதிகாரிகள் சொன்னதை உழவர் நம்பவில்லை. முன்னர்ப் பலமுறை ஏமாந்தவர்கள் அவர்கள். மன்னர் துளசா சுவார்ட்ஸை வேண்டினார். நானே பொறுப்பு என்று அவர் எழுதியவுடன் வண்டிமாடுகள் வந்தன. ஏறத்தாழ எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் சொன்னபடியே உழவர்க்குப் பணம் கொடுக்கப்பட்டது. முந்நூறு ரூபாயில் காத்த நேர்மை எண்பதாயிரம் கலம் நெல்லுக்குப் பிணையாக நின்றது! ஊழியனின் நெஞ்சக் காவல் அவனுடைய தனிச்சொத்து அன்று, ஊரார் பசியாறும் பொதுச்சொத்து என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1787-இல் மரணப் படுக்கையில் இருந்த துளசா மன்னர், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோசியை அவர் கையில் ஒப்படைக்க விரும்பினார். நாட்டின் பாதுகாவலர் பதவி அது. சுவார்ட்ஸ் அதை ஏற்கவில்லை. பின்னர்ச் சிறுவனின் கல்வியையும் நலனையும் மட்டும் தம் பொறுப்பாகக் கொண்டார். 1798 பிப்ரவரி 13-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு அரியணை ஏறிய சரபோசி, இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சை ஆலயத்தில் நிறுவினார். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இந்து மன்னர் பற்றி நிற்கும் அக்காட்சியை இன்றும் அங்குக் காணலாம்.

காவல் இல்லாத வாயில்

இவ்வளவு கூறியபின் மற்றொன்றைக் கூறாமல் விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. பொருளாசை வாயிலையும் காமவாயிலையும் கண்ணுங்கருத்துமாகக் காத்த ஊழியர், வேறொரு வாயிலைத் திறந்தே விட்டிருந்தனர். அது சாதி.

தரங்கம்பாடி மிஷன் 1733-இல் ஆரோன் என்னும் தமிழரைப் போதகராக அபிடேகம் செய்தது. இந்திய நாட்டின் முதல் சீர்திருத்தச் சபைப் போதகர் அவர், வேளாளர் குலத்தவர். அடுத்தொருவரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது, தஞ்சைப் பகுதியில் அரும்பணி ஆற்றிவந்த உபதேசியார் ராசநாயக்கனின் பெயர் முன்வந்தது. அவர் தஞ்சைப் படையில் இருந்தவர், அஞ்சாநெஞ்சர். ஆனால் பறையர் குலத்தவர். அவர் கையால் நற்கருணை பெற மேற்குலத்தார் இசையமாட்டார் என்று மிஷனரிகள் தயங்கினர். 1741-இல் தியோகு என்பவர் அபிடேகம் பெற்றார். ராசநாயக்கன் உபதேசியாராகவே இருந்துவிட்டார்.

இம்முடிவைச் செய்தவர் தீயவர் அல்லர். இரவுதோறும் முழந்தாளிட்டுத் தம் பாவங்களை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் எண்ணிய பட்டியலில் இப்பாவம் இடம்பெறவில்லை. ஊரெல்லாம் செய்வது உள்ளத்தை உறுத்துவதில்லை. பல சபைகளில் ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இருக்கை நூறாண்டு நீடித்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சையில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பலர் சபையை விட்டே நீங்கினர். சுவார்ட்ஸிடம் வளர்ந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர் பக்கமே நின்றார். நெஞ்சக் காவல் தனிமனிதன் தன்னந்தனியே செய்து முடிக்கும் பணி அன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத குற்றத்தைக் காட்டப் பிறர் கண் வேண்டும். அதுவும் அக்குற்றத்தால் துன்புற்றவரின் கண் வேண்டும்.

வடபுலத்தில் இரு வழிகள்

பிறர் கண்ணின் துணையை முறையாக அமைத்துக்கொண்டவர்களாக, வங்காளத்துச் சீராம்பூரில் வாழ்ந்த வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோரைக் கூறலாம். 1805-இல் அவர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். எவரும் தமக்கென்று வாணிகம் செய்தலாகாது, ஈட்டுவதெல்லாம் பொதுநிதிக்கே, தனிவேண்டுதலில் தளரக்கூடாது என்று அது விதித்தது. ஒவ்வொரு நிலையத்திலும் ஆண்டுக்கு மும்முறை, சனவரி, மே, அக்டோபர்த் திங்களின் முதல் ஞாயிறன்று அதைப் பலரறியப் படிக்க வேண்டும் என்றும் முடிவுசெய்தனர். கேரி கோட்டை வில்லியம் கல்லூரியில் பெற்ற பேராசிரியர் ஊதியத்தின் பெரும்பகுதியும் பொதுநிதிக்கே சென்றது. எழுதி வைத்ததோடு நில்லாமல் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்ததே அவர்கள் கண்ட நுட்பம். மறதிதான் பாவத்தின் முதல் தோழன்.

மற்றொரு வழி என்றி மார்ட்டின் சென்றது. கேம்பிரிட்சில் 1801-இல் கணிதத்தில் முதல்வராகத் தேறிய அவர், 1806-இல் கல்கத்தா வந்து, தானாப்பூரிலும் கான்பூரிலும் படைவீரர்க்குப் போதகராயிருந்து, புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியில் பெயர்த்து, 1812-இல் துருக்கி நாட்டுத் தோக்காத்து நகரில் முப்பத்தோராம் வயதில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு அச்சுக்கென்று எழுதப்பட்டதன்று. அவர் மறைந்த பின்னரே உலகம் அதைப் படித்தது. சிறு சோம்பலையும் சிறு புகழாசையையும் அவர் அதில் இரக்கமின்றித் தண்டிக்கிறார். படிக்கும் நமக்கு அவர்மீது பெருமதிப்பு எழுகிறது. கூடவே இரக்கமும் எழுகிறது. அருகில் ஒரு நண்பன் இருந்து, போதும் தம்பி, இறைவன் உன்னைவிட இரக்கமுள்ளவன் என்று சொல்லியிருக்கலாகாதா என்று தோன்றுகிறது. தன்னைக் காத்தல் வேறு. தன்னை வதைத்தல் வேறு.

தொலைவில் வாழ்வோர்க்கு

இறுதியாக நம்மவர் ஒருவரை நினைப்போம். நெல்லை நாட்டு வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற உழைத்தவர்களுள் ஒருவரான அவர், பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருக்க மனம் ஒப்பாமல் 1909-இல் போதகராகி, ஐதராபாத்து நிசாமின் ஆட்சிப்பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தெலுங்கு கற்றார், மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர்களைச் சுற்றினார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிடேகம் பெற்றார். 1945 சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே கண்மூடினார்.

அவர் 1910-இல் எடின்பரோ மாநாட்டில் ஐரோப்பிய மிஷனரிகளின் உயர்வு மனப்பான்மையை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துக்காட்டி, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். அரங்கில் பலர் முகம் சுளித்தனர். ஆனால் வெளிநாட்டார் ஊழியத்துள் மறைந்திருந்த செருக்கை வெளிக்கொணர்ந்த அப்பேச்சு, 1712-இல் தரங்கம்பாடித் தமிழர் எழுதிய மடல்களின் தொடர்ச்சி என்றே நமக்குத் தோன்றுகிறது. இரு நூற்றாண்டுகளின் இரு முனைகளிலும் ஊழியரின் நெஞ்சுக்குத் தமிழன் காவல் நின்றான்.

பிழைப்பின் பொருட்டுத் தாய்நாட்டெல்லை கடந்து வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு எவ்வகையில் உரியது? நாம் எல்லோரும் கிறித்தவர் அல்லோம், போதகரும் அல்லோம். ஆயினும், தரங்கம்பாடியில் வந்திறங்கிய இளைஞரும் தோர்ணக்கல்லுக்குச் சென்ற அசரியாவும் சந்தித்த ஒரு நிலையை நாமும் சந்திக்கிறோம். ஊரில் பாட்டனின் கண்ணும் பக்கத்து வீட்டாரின் கண்ணும் நம்மைக் காத்தன. இங்கே நம்மைத் தெரிந்தவர் இல்லை. அந்த விடுதலை இனியது, ஆபத்தும் நிறைந்தது. அத்தகைய இடத்தில்தான் ஒருவனுடைய உண்மையான உருவம் வெளிப்படுகிறது.

அவர்கள் கண்ட காவல்கள் நமக்கும் உரியவையே. நாளின் முடிவில் தன் உள்ளத்துக்குத் திரும்புதல். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது கூடுதலாக அஞ்சுதல். யாரும் தடுக்காத பணத்திலும் நெஞ்சைக் கேட்டல். நம்மை ஏற்காதவர் சொல்லும் குறையைச் செவிமடுத்தல். ஒருவரையொருவர் காக்கும் நட்பைத் தேடிக்கொள்ளல். சங்கம் என்று நாம் கூடுவதும் விழாவுக்கும் விருந்துக்கும் மட்டும் ஆகாது. தொலைவில் வாழும் ஒருவர்க்கொருவர் கண்ணாக இருப்பதற்கும் அது பயன்பட வேண்டும். பயிரைக் காக்கும் வேலிக்குக் காவல் எது என்று தொடக்கத்தில் கேட்டோம். வேலி நட்டவனின் விழித்த நெஞ்சும், அண்டை வயல்காரனின் அன்புக் கண்ணுமே அதற்குக் காவல்.